எந்த உடலுக்குப் பாதுகாப்பு?

பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணிக்காகச் சென்ற ஆண்டு கொழும்பிற்குப் போயிருந்தபோது, எட்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழ் பயின்ற மாணவன் ஒருவனை நகர்ப்புறத்துக் கராஜ் ஒன்றிற் காண நேர்ந்தது. யாழ்ப்பாணக் கரையோரத்துப் பிள்ளை. சாதாரண தரத்தோடு பள்ளியை விட்டவன். முழங்கை வரை மஞ்சட் குழம்பு வழிய நின்றவன் என்னைக் கண்டதும், "சேர், கிட்ட வராதேங்கோ. உடுப்பிலை பட்டிடும்" என்றான்.

அவன் தேய்த்துக்கொண்டிருந்தது லோட்டஸ் எலான் என்னும் சிறிய ஆங்கிலேயக் கார். 1962இல் வெளிவந்த இவ்வகைக் காருக்கு முதுகெலும்பு போன்ற உருக்குச் சட்டம் உண்டு. மேலுடலோ கண்ணாடியிழையும் பொலியெஸ்டர்ப் பிசினும் சேர்த்து வார்த்தது. அது துருப்பிடிப்பதில்லை, ஆதலால் கைமாறிக் கைமாறி வந்த இவ்வண்டியின்மேல் ஒவ்வொரு சொந்தக்காரரும் தத்தம் ஆசைக்கேற்பத் தீந்தை பூசியிருந்தனர். மஞ்சளுக்கடியிற் சிவப்பு, சிவப்புக்கடியிற் பச்சை. இத்தனையையும் உரித்தெடுத்துப் பழைய மேனியை வெளிக்கொணர்வதே அவனுடைய வேலை.

அன்று அரைமணி நேரம் அவன் ஆசிரியனானான், நான் மாணவனானேன். தகரக் காரானால் மணலைக் காற்றோடு பீய்ச்சி உரிக்கலாம். இதிலே அது பிசினைத் தின்று இழையை வெளியே காட்டிவிடும். சூடுகாட்டினால் பிசின் இளகி உடல் கோணும். கோஸ்ரிக் சோடா பிசினையே அரிக்கும். இரசாயன நீக்கியைப் பூசினாலோ, தீந்தையோடு நில்லாது அடிப்பிசினையும் அது இளக்கும். வெடிப்புகளிற் புகுந்து ஒளிந்திருந்து, புதுத் தீந்தை பூசிச் சில மாதங்களின் பின் கொப்புளமாய் எழும்பும். எனவே எஞ்சியது கைவேலைதான்: அலகை ஏறக்குறையப் படுக்கையாய்ப் பிடித்துச் சுரண்டுதல், அதன்பின் தண்ணீர் விட்டு வாட்டர் பேப்பராலே தேய்த்தல். முதலில் 120, பின்னர் 180, முடிவில் 240. விளிம்புகளிலே தீந்தை மெல்லியது. அங்கே விரலின் பாரமே கூடுதல். 'ஜெல்கோட்' எனப்படும் மேற்பிசின் தெரிந்தவுடன் கை நின்றுவிட வேண்டும். எல்லாம் முடிந்தபின் பல நாள் உலர விட வேண்டும்.

"உமக்கு இதெல்லாம் யார் சொல்லித் தந்தது?"

"அப்பாவின்ரை போட்டிலை படிச்சது, சேர்."

வடபகுதி மீனவரின் படகுகள் பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவையன்றோ! பத்தாம் வகுப்பிலே இதையே அவன் எனக்கொரு கட்டுரையாக எழுதித் தந்திருந்தான். படகின் அடியில் ஓட்டை அடைக்கும் முறையை அடியிலிருந்து நுனிவரை விவரித்திருந்தான். நானோ 'பேச்சு வழக்கு, தவிர்க்க' என்று சிவப்பு மையினாற் சுழித்து, நூற்றுக்கு முப்பத்திரண்டு வழங்கினேன். அவன் அதை மறந்திருந்தான். நான் மறக்கவில்லை.

எனினும், அவன் அறியாததும் ஒன்று இருந்தது. பழைய மஞ்சள், சிவப்புத் தீந்தைகளிலே ஈயக் குரோமேற்று கலப்பது அந்நாள் வழக்கம். தண்ணீரோடு தேய்ப்பதால் தூள் பறப்பது குறைகின்றது, உண்மை. ஆயின் அந்த ஈயம் குழம்பிலே கிடக்கின்றது. அந்தக் கையாலே அவன் பாண் பிய்த்துத் தின்றான். அந்த உடுப்போடேயே அறைக்குப் போகின்றான். முகத்திலிருந்ததோ கொரோனாக் காலத்து மெல்லிய முகக்கவசம். தூள்வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசத்தை அவன் கண்டதே இல்லை. இவற்றைச் சொன்னேன். கவனமாகக் கேட்டான். பிறகு சிரித்தான்.

"இந்தக் கார் வந்தது நல்லது, சேர். மூண்டு கிழமையாத் தலையிடி இல்லை."

விளங்கவில்லை. அவன் மூலையிலிருந்த தகரப் பேணியைக் காட்டினான். இரசாயன நீக்கி, அதன்மேல் தமிழோ சிங்களமோ இல்லை. இருகுளோரோமெதேன் சேர்ந்த நீக்கிகளின் ஆவி காற்றிலும் பாரமானது. மூடிய இடத்திலே தாழ்ந்து தங்கும். மூச்சோடு உடலுட் புகுந்தால் அங்கே காபனோரொட்சைட்டாக மாறும். குளியல் தொட்டிகளின் பூச்சை அதனால் உரித்த தொழிலாளர் பலர் அமெரிக்காவிலே மாண்டிருக்கின்றனர். வீட்டுப் பாவனைக்கான தீந்தை நீக்கிகளில் அதனை விற்பதற்கு அந்நாடு 2019இல் தடைவிதித்தது. துணிக் கவசம் அந்த ஆவியைத் தடுக்காது.

தகரக் கார்களுக்கெல்லாம் இங்கே அந்தப் பேணிதான். தகரத்திற்கு அதனால் ஒரு கேடுமில்லை; வேலையும் ஒரே நாளில் முடிகின்றது; கூலி காருக்கு இவ்வளவென்று ஒப்பந்தம். எலானின் சொந்தக்காரரோ அதன் மேனிக்கு அஞ்சி, நீக்கி தொடக்கூடாதென்று கண்டிப்பாய்ச் சொல்லி, ஒரு மாத அவகாசமும் நாட்கூலியும் கொடுத்திருந்தார். வாரந்தோறும் வந்து, ஜெல்கோட்டிற் கீறல் உண்டோவென்று விரலாலே தடவிப் பார்ப்பாராம்.

கராஜ் முதலாளியிடம் பேசினேன். அவர் மரியாதையுடனேயே, "ஜன்னலைத் திறந்துதானே வைச்சிருக்கிறம், மாஸ்டர்" என்றார். சுவாசக் கவசத்தின் விலையைக் கேட்டார். மறுமொழி சொல்லவில்லை.

புறப்படும்போது மாணவனிடம், இது முடிந்தால் அடுத்த வேலை எதுவென்று கேட்டேன். மழையிலே நனைந்துகொண்டு வாசலில் நின்ற பழைய மொறிஸ் மைனரைக் காட்டினான்.

"அது தகரம், சேர்" என்றான்.