கருப்பாத்தான் வந்துச்சு

நாகூர்,
9.12.2018

அன்புத் தங்கச்சிக்கு,

நிவாரணச் சாமான் ஏற்றிக்கொண்டு தோப்புத்துறைக்கு வரும் லாரியில் நம் தெருப் பையன் ஒருவன் வருகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஜெனரேட்டர்காரனிடம் காசு கொடுத்து சார்ஜ் ஏற்றி நீ பேசுகிற பத்து நிமிஷத்தில் பாதி நேரம் சிக்னல் இல்லை, மீதி நேரம் அழுகை. கடிதமென்றால் அறுந்து போகாது. பிள்ளைகள் தூங்கின பிறகு படி.

சின்னவளைப் பற்றி நீ சொன்னதிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. ஏழு வயசு முடிந்தவள் மறுபடியும் பாயை நனைக்கிறாள், கொல்லைப்புறம் தனியாகப் போகமாட்டேன் என்கிறாள், வேப்பமரம் அசைந்தாலே காதைப் பொத்துகிறாள், நீ கிணற்றடிக்குப் போனாலும் முந்தானையை விடுவதில்லை. "இவளுக்கு என்னமோ ஆயிடுச்சு லாத்தா" என்றாய். ஒன்றும் ஆகிவிடவில்லை. நவம்பர் 16 நடுச்சாமம் தாண்டி கஜா புயல் கரையேறியபோது ஓடு பறப்பதையும், வாப்பா கதவை முதுகால் முட்டுக்கொடுத்து நிற்பதையும் இருட்டில் பார்த்தவள் அவள். நாலு வயசில் எப்படி உன் மடியில் பத்திரமாக இருந்தாளோ, அந்த வயசுக்கே திரும்பிப் போய் ஒளிந்துகொண்டிருக்கிறாள். பாய் நனைந்தால் துவைத்துக் காயப்போடு. "இவ்வளவு பெரிய பிள்ளை" என்று மட்டும் சொல்லாதே. நீ அன்று ஒரு அடி போட்டுவிட்டதாகச் சொல்லி அழுதாயே, அதை அவளிடமே சொல்லிவிடு: "உம்மாவுக்கும் பயமா இருந்துச்சு, அதான் கோவம் வந்துடுச்சு." பிள்ளைக்கு அது புரியும்.

உன் மாமி காத்துக் கருப்பு அடித்திருக்கிறது என்று சொல்வதாகச் சொன்னாய். ஓதி ஊதட்டும், தடுக்காதே. தலையில் ஒரு கிழவியின் கை படுவது நல்லதுதான். ஆனால் உனக்குள் என்னமோ புகுந்திருக்கிறது என்று பிள்ளை காதுபடப் பேச வேண்டாம் என்று மெதுவாகச் சொல்லி வை. வெளியே அடித்த காற்றுக்கே பயந்து கிடக்கிறவள் உள்ளேயும் ஒன்று இருக்கிறது என்று நம்பிவிட்டால் எங்கே போய் ஒளிவாள்?

இனி உன் பள்ளிக்கூடத்தைப் பற்றி. பிள்ளைகளைத் தினமும் உட்கார வைத்து புயலைப் பற்றிப் பேசச் சொல்லட்டுமா என்று கேட்டாய். வேண்டாம். இதை உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி. காலை ஒன்பது மணி வாக்கில் சுனாமி அலை வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். சில்லடிக் கடற்கரைப் பக்கமிருந்து ஜனங்கள் தர்காவை நோக்கி ஓடிவந்தது உனக்கும் நினைவிருக்கும். நம் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் மவுத்து. தர்காவுக்குச் சொந்தமான இடத்தில் சாதி மதம் பார்க்காமல் குழி வெட்டி அடக்கினார்கள். ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தபோது என் நாலாம் வகுப்பில் பட்டினச்சேரி மீனவப் பிள்ளைகள் உட்காரும் வரிசையில் இடம் காலியாகக் கிடந்தது.

அந்த வகுப்பில் ஒரு பையன். ஒன்பது வயசு. தங்கச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவன், பாதி வழியில் கை நழுவிவிட்டது. ஊருக்கு உதவ வந்தவர்கள், கேமராவோடு வந்தவர்கள், கார் வைத்துக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் வகுப்புக்கு வந்து, "யாராவது சொல்லுங்க, அலை எப்படி வந்துச்சு?" என்று கேட்பார்கள். நான் அவனை எழுப்பி நிறுத்துவேன். நன்றாகச் சொல்வான். சொல்லச் சொல்ல பாரம் குறையும் என்று மனதார நம்பித்தான் செய்தேன். நாலைந்து தடவை சொன்னான். அதற்குப் பிறகு சொல்வதை நிறுத்தினான். அப்புறம் பேசுவதையே நிறுத்தினான். வருகைப்பதிவில் பெயர் கூப்பிட்டால்கூடக் கையை மட்டும் தூக்குவான். பதினாலு வருஷமாகியும் அந்தக் கை என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைக்காரர்கள் அப்போது நம் மாவட்டத்துக்கு வந்து ஆசிரியர்கள், அங்கன்வாடிக்காரர்கள், ஊர்ப் பெண்கள் என்று பலருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நானும் போனேன். மனநல டாக்டர் என்றால் மருந்துச் சீட்டு எழுதுவார்கள் என்று நினைத்துப் போனவளுக்கு, களிமண்ணும் பந்தும் கயிறும் கலர் பென்சிலும்தான் காட்டினார்கள். பிள்ளையைக் கிளறாதீர்கள், அது சொல்ல வருகிறபோது கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள், அதுவரை விளையாட விடுங்கள் என்றார்கள். பேரிடர் முடிந்த சூட்டோடு உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொல்ல வைப்பது பலன் தராது, சிலருக்குக் கெடுதலாகவும் முடியும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்வதைப் பின்னால் படித்தேன். அதற்குள் நான் செய்ததைச் செய்து முடித்திருந்தேன்.

விளையாட்டு என்றதும் நினைவு வருகிறது. அந்த நாட்களில் பிள்ளைகள் மைதானத்தில் 'சுனாமி' விளையாடினார்கள். ஒருத்தன் அலை, கையை விரித்துக் கத்திக்கொண்டு வருவான். மற்றவர்கள் ஓடவேண்டும், பிடிபட்டவன் செத்துப்போய்ப் படுக்கவேண்டும். எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது, பிரம்பை எடுத்துக்கொண்டு ஓடினேன். பயிற்சியில் இதைச் சொன்னபோது, விடுங்கள் டீச்சர், அன்றைக்கு அவர்கள் கையில் எதுவும் இல்லை, இந்த ஆட்டத்தில் ஓடவும் நிறுத்தவும் அவர்களால் முடிகிறது என்றார்கள். விட்டேன். சில வாரத்தில் செத்தவன் எழுந்து ஓடலாம் என்று அவர்களே புது விதி போட்டுக்கொண்டார்கள். மழைக்காலம் வருவதற்குள் அது சாதாரண ஓடிப்பிடிச்சியாகிவிட்டது. உன் பிள்ளைகள் 'கஜா' விளையாடினால் அடிபடாமல் பார்த்துக்கொள், அதட்டாதே. விளையாடுகிறவர்களின் முகத்தில் சிரிப்பே இல்லாமல், மாசக்கணக்காக ஒரே ஆட்டம் மாறாமல் போனால் மட்டும் கவனி.

படமும் வரையட்டும். ஆனால் படத்தைப் பார்த்து நீ கதை கட்டாதே. எங்கள் பிள்ளைகள் அலையைக் கருப்பாகவே வரைந்தார்கள். நீலப் பென்சில் பக்கத்திலேயே கிடக்கும், தொடமாட்டார்கள். வகுப்பைப் பார்க்க வந்த ஒரு அம்மா, பாருங்கள் இவர்கள் மனசு எவ்வளவு இருண்டுவிட்டது என்று கண்கலங்கினார். நான் பக்கத்திலிருந்த பெண்பிள்ளையிடம் ஏன் கருப்பு என்று கேட்டேன். "கருப்பாத்தான் வந்துச்சு டீச்சர்" என்றாள். உண்மைதான். கடலடிச் சேற்றையெல்லாம் வாரிக்கொண்டு தண்ணீர் கருப்பாகத்தான் வந்தது. கண்டதைக் கண்டபடி வரைந்தவளைப் பற்றி நாம் என்னென்னவோ நினைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து எந்தப் பிள்ளையிடமும் முதலில் கேட்டுவிட்டுத்தான் நினைக்கிறேன்.

மட்டக்களப்பில் 1996இலிருந்து 'வண்ணத்துப்பூச்சிப் பூங்கா' என்று ஒன்று நடத்தினார்கள், போரில் அடிபட்ட பிள்ளைகளுக்காக. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து மண்ணில் உருட்டி, வர்ணம் பூசி, கதை சொல்லி, நாடகம் போட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். அதைப் படித்தபோது, எங்கள் பள்ளி வேப்பமரத்தடியில் நாங்கள் தட்டுத்தடுமாறிச் செய்தது சரிதான் என்று எனக்குத் தெம்பு வந்தது.

உன் வகுப்புக்கு நான் சொல்வது இதுதான். கூரை போனால் தார்ப்பாயின் கீழே வை, ஆனால் மணியை நேரத்துக்கு அடி. முதல் பாடவேளை தமிழ் என்றால் தமிழ். சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பாடு. காற்று எந்நேரம் வரும் என்று தெரியாத பிள்ளைக்கு அடுத்து என்ன வரும் என்று தெரிந்த ஒரு இடம் வேண்டும். அது உன் வகுப்பாக இருக்கட்டும். இன்றைக்கு மழை வருமா என்று கேட்டால் வராது என்று ஆறுதலுக்குப் பொய் சொல்லாதே. வரலாம், வந்தால் நாம் அந்தக் கட்டடத்துக்குப் போவோம் என்று கூட்டிப்போய் இடத்தைக் காட்டு. வீட்டில் யாராவது மவுத்தான பிள்ளைக்கும் அப்படியே. ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டால் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

அப்பன்மாரை மறந்துவிடாதே. அங்கே ஒவ்வொரு கொல்லையிலும் தென்னையும் மாவும் வேரோடு கிடக்கின்றன. வைத்த கன்றை 'தென்னம்பிள்ளை' என்றுதானே சொல்கிறோம். அது விழுந்ததைப் பார்த்துப் பேச்சற்று உட்கார்ந்திருக்கும் வாப்பாவின் முகத்தைத்தான் பிள்ளை நாள் முழுக்கப் படிக்கிறது. உன் வீட்டுக்காரரைச் சின்னவளோடு சேர்ந்து ஓலை அடுக்கச் சொல், கூட நின்று எண்ணச் சொல். இரண்டு பேருக்கும் நல்லது.

தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்த பிள்ளை யாராவது இருந்தால் நான் வளர்க்கிறேன் என்று வருகிறவர்களிடம் அப்படியே விட்டுவிடாதே. குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் அடி. சுனாமிக்குப் பிறகு அரசே நாகையில் அன்னை சத்யா இல்லம் வைத்து அப்படிப்பட்ட பிள்ளைகளைச் சொந்த மண்ணிலேயே வளர்த்தது. அப்போது ஆட்சியராக வந்த ராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் அங்கே அடிக்கடி போய்வருவார்கள். அதே ஆள் மறுபடி மறுபடி வந்ததுதான் அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன். ஒருநாள் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனவர்களின் முகம் அவர்களுக்கு நினைவிருக்காது.

ஒரு மாசம் தாண்டியும் சாப்பாடு இறங்காமல், பேச்சு வராமல், தன்னையே அடித்துக்கொள்ளும் பிள்ளை இருந்தால் காத்திராதே. நாகை அரசு மருத்துவமனைக்குக் கூட்டி வா, நான் கூட வருகிறேன்.

பேசுவதை நிறுத்திய அந்தப் பையன் என்ன ஆனான் என்று கேட்பாய். யார் வந்தாலும் அவனை எழுப்புவதில்லை என்று முடிவு செய்தேன். சாக்பீஸ் டப்பாவை அவன் பொறுப்பில் விட்டேன். சித்திரையில் ஒருநாள், எல்லோரும் போன பிறகு பென்சில் சீவிக்கொண்டே, தலை நிமிராமல், "நான் கையை விட்டுட்டேன் டீச்சர்" என்றான். என் கையை அவன் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். "அன்னிக்கு என் கை பிடிச்சிருந்தாலும் நழுவியிருக்கும்பா" என்றேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. பென்சிலைச் சீவி முடித்துவிட்டுப் போனான். மறுநாள் வருகைப்பதிவில் "உள்ளேன்" என்றான்.

லாரியில் வரும் பையன் கையில் கலர் பென்சில் இருபது டப்பா, இரண்டு சோலார் விளக்கு, சின்னவளுக்கு ஒரு ரப்பர் ஷீட், கொஞ்சம் தம்ரூட் கொடுத்திருக்கிறேன். விளக்கில் ஒன்றை ராத்திரி முழுக்க அவள் பக்கத்தில் எரியவிடு. பிப்ரவரியில் தர்காவில் கந்தூரிக் கொடியேற்றம். இன்ஷா அல்லாஹ் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாலு நாள் முன்னாடியே வா. கொடி காற்றில் படபடவென்று அடிக்கும், சின்னவளிடம் அதை இப்போதே சொல்லி வை. பார்க்கவேண்டாம் என்றால் என்னோடு அடுப்படியில் வாடா சுடட்டும்.

துஆவோடு,
உன் லாத்தா