சிறுத்தையா, கரடியா... ஜவ்வாது மலையில் எதற்குப் பயப்படணும்?

காவலூர் வானாய்வகம், பீமன் அருவி, புதூர்நாடு என்று ஜவ்வாது மலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, “சிறுத்தை இருக்குமா?” என்பதுதான். காரணம், 2024 ஜூன். திருப்பத்தூர் ஊருக்குள்ளேயே பட்டப்பகலில் ஒரு சிறுத்தை பள்ளி வளாகத்தில் புகுந்தது. கார்கள் நிற்கும் ஷெட்டில் பதுங்கிய அதை மயக்க ஊசி போட்டுப் பிடிக்க நள்ளிரவு தாண்டிவிட்டது.

ஆனால், மலைப்பாதையில் நடப்பவர் அதிகம் யோசிக்க வேண்டியது கரடியைத்தான்.

சிறுத்தைக்குக் கண்ணும் காதும் கூர்மை. நாம் பார்க்கும் முன்பே நம்மைப் பார்த்துவிட்டு நழுவிவிடும். கரடிக்கு மூக்குதான் எல்லாம். பார்வையும் செவியும் மந்தம். மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு புற்றிலிருந்து கரையானை உறிஞ்சும்போது (அதற்குத் தோதாக மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டு கிடையாது!) பக்கத்தில் ஆள் வந்ததே தெரியாது. திடுக்கிட்டால் பாய்ந்துவிடும். நகம் பெரும்பாலும் தலையிலும் முகத்திலும்தான் படும். குட்டியை முதுகில் சுமந்து வரும் தாய் என்றால் கேட்கவே வேண்டாம்.

சாப்பாட்டிலும் இரண்டும் வேறு வேறு. சிறுத்தைக்கு மான், ஆடு, நாய். கரடிக்குக் கரையான், தேன், நாவல், கொன்றைக்காய், இலுப்பைப்பூ. தேனும் நாவலும் நாமும் தேடிப்போகிற சமாசாரம் ஆச்சே! சிக்கலே அங்கேதான். ஒரே மரத்தடிக்கு இரண்டு பேரும் வருகிறோம்.

நாவல் சீசனில் போகிறீர்களா? இருட்டும் முன் இறங்கிவிடுங்கள். புதர் ஓரமாக நடக்கும்போது சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். ஹெட்போன் பைக்குள்ளேயே இருக்கட்டும்.