கயலும் கெண்டையும்

தங்கமீனுக்கு உடல்நலம் குன்றியிருக்கிறதா என்று அறிவது எளிதன்று. அதற்கு இமையில்லை, நம் செவிக்கு எட்டும் குரலில்லை, தொல்காப்பியர் எண்ணிச் சொன்ன மெய்ப்பாடுகள் எட்டில் ஒன்றைக்கூட அதன் முகத்தில் காண இயலாது. நடத்தையைக் கொண்டே உய்த்துணர வேண்டும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில், மதுரையில், எங்கள் வீட்டார் ஏறத்தாழ ஒரு வாரத்தை அந்த உய்த்துணர்தலில் கழித்தோம்.

எண்பது லிட்டர் தொட்டி. ஒற்றை வால் கொண்ட எளிய வகை மீன்கள் இரண்டு, இரண்டு வயது கடந்தவை. கயல், கெண்டை என்று பெயரிட்டவள் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள். (தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆகவே இரண்டாவது பெயர் செல்லப்பெயர் மட்டுமன்று, விலங்கியலும்கூட.) ஒன்றையொன்று பொருட்படுத்தாமல் வாழ்ந்துவந்த இவ்விரண்டில், கயல் திடீரெனக் கெண்டையைத் துரத்தத் தொடங்கியது. வயிற்றிலும் வாலடியிலும் ஓயாமல் முட்டியது. கெண்டையின் இடப்பக்கத்தில் மூன்று செதில்கள் உதிர்ந்து தசை தெரிந்தது. அது வடிகட்டியின் பின்னே ஒடுங்கிக் கிடந்தது; இரை போட்டாலும் வெளியே வரவில்லை. போதாக்குறைக்குக் கயலின் செவுள் மூடியில் வெண்புள்ளிகள் வேறு.

மீன் விற்கும் கடைக்காரர் செய்தி கேட்டவுடனே, பார்க்காமலே, வெண்புள்ளி நோய் என்று தீர்ப்பளித்து ஒரு நீல மருந்துப் புட்டியைக் கையில் கொடுத்தார். அடுத்த வீட்டாருக்கு அது இடநெருக்கடியால் வந்த வெறி. அப்பத்தாவுக்குக் கண்ணேறு. மகளின் முடிவுதான் எங்களை உறுத்தியது. "கயல் கெட்டதாப் போச்சு. அதை யாருக்காவது குடுத்துருங்க" என்று கலங்கிய கண்களோடு சொல்லிவிட்டாள். நேற்றுவரை அவள் கையிலிருந்து இரையுண்ட மீன் அது.

வகுப்பில் அகப்பாடலை விளக்கும்போது முதற்பொருளிலிருந்து தொடங்குவது எங்கள் வழக்கம். எந்த நிலம், எந்தப் பொழுது என்று தெரியாமல் எவர் கூற்றுக்கும் பொருள் சொல்ல இயலாது. மீனுக்கும் அதையே செய்து பார்த்தோம். இதன் நிலம் நீர்தான். எனவே முதலில் நீரைச் சோதித்தோம். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா மிகுந்தால் செவுள் எரிந்து மீன்கள் நிலைகொள்ளாமல் அலையும். சோதனைத் துளிகள் விட்ட நீர் மஞ்சளாகவே நின்றது; அமோனியா இல்லை. காற்றுக்குமிழ்க் கருவியும் குறைவின்றி இயங்கியது. அன்றியும் உயிர்வளி குறைந்திருந்தால் இரண்டுமே மேலே வந்து வாய் பிளந்திருக்கும். இங்கே ஒன்று துரத்துகிறது, ஒன்று ஓடுகிறது.

பிறகு பொழுது. மகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்துத் துரத்தல் நேரங்களை எழுதச் சொன்னோம். மூன்று நாளும் விடியற்காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்குள் அது தணிந்துவிட்டிருந்தது. பின்பனிக் காலம், அதிகாலை நீரின் வெப்பம் 23 டிகிரி. அதற்கு முந்தைய ஞாயிறன்றுதான் மூன்றிலொரு பங்கு நீரை மாற்றியிருந்தோம். குளிர் தணியத் தொடங்கும் பருவம், புதுநீர், வைகறை... இலக்கணம் பயின்றவர்களுக்கு வைகறையும் புதுப்புனலும் சேர்ந்தால் எந்தத் திணை நினைவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உருப்பெருக்கிக் கண்ணாடி எஞ்சிய ஐயத்தைத் தீர்த்தது. வெண்புள்ளி நோய் ஓரணு ஒட்டுண்ணி ஒன்றால் வருவது. உப்புத் தூவியதுபோல உடலெங்கும் வாலெங்கும் சிதறிக் கிடக்கும். மீன் அரிப்புத் தாளாமல் கல்லில் உரசும். கயலின் புள்ளிகளோ செவுள் மூடியிலும் முன்துடுப்பின் முதல் முள்ளிலும் மட்டும், நூல் பிடித்தாற்போல வரிசையாக இருந்தன. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தங்கமீனுக்கு அரும்பும் முத்துகள் அவை. கயல் ஆண், வயிறு புடைத்த கெண்டை பெண், சினையோடு இருக்கிறது. முட்டுவது பகையால் அன்று, முட்டையை வெளிக்கொணர.

நீல மருந்து திறக்கப்படவேயில்லை. அதை ஊற்றியிருந்தால் அமோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்களும் அழிந்து, இல்லாத நோய்க்கு மருந்திட்டு இருந்த நலத்தையும் கெடுத்திருப்போம். ஆயினும் கவலை முற்றும் நீங்கவில்லை. சிறு தொட்டியில் ஓய்வின்றித் துரத்தப்படும் பெண்மீன் களைத்தே இறந்துபோவதுண்டு. ஆகவே காலை எட்டரைக்குமேல் இடையில் நைலான் வலையைத் தடுப்பாகச் செருகி, மறுநாள் விடியலில் எடுத்தோம். கெண்டை தனிமையில் சிறிது சிறிதாக இரையெடுத்தது.

ஐந்தாம் நாள் காலை, நீர்ச்செடிகளில் சவ்வரிசியினும் சிறிய, மஞ்சள் சாயல் கொண்ட முட்டைகள் ஒட்டியிருந்தன. மகள் மகிழ்ந்து கூவி முடிப்பதற்குள் கெண்டை அவற்றைத் தின்னத் தொடங்கியது! கயலும் சேர்ந்துகொண்டது.

அப்பத்தா அதிர்ந்துபோனார். மீன் தன் கண்ணால் நோக்கியே முட்டையைப் பொரிக்கும், அதனால்தான் தாய்க்கு மீனாட்சி என்று பெயர் என்பது மதுரையில் பிறந்தவர்களுக்குப் பாலோடு ஊட்டப்படும் செய்தி. அந்த நம்பிக்கையைப் பொய்யென்று தள்ள எங்களுக்கு மனமில்லை. நம் கண்மாய்களின் விராலைப் பாருங்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் மொய்க்க, தாயும் தந்தையும் கீழே காவல் நிற்கும். நெருங்கியவர் காலைக் கடிக்கவும் அவை தயங்குவதில்லை. கரையிலிருந்து அதைக் கண்ட எவரோ சொன்ன சொல்லாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். தங்கமீன் சீனத்தில் ஓராயிரம் ஆண்டுகளாக வளர்ப்பில் இருப்பது. அதற்கு விராலின் குணத்தை ஏற்றுவது முறையாகாது. முட்டையிட்டபின் அதற்கு முட்டை வெறும் இரை.

செடிகளை உருவி ஒரு பிளாஸ்டிக் வாளியில் இட்டோம். வெளுத்துப் பூஞ்சை பிடித்தவற்றை மகள் நாள்தோறும் பொறுக்கியெடுத்தாள். நான்காம் நாள் கண் மட்டுமே தெரியும் இழைகள் வாளிச் சுவரில் ஒட்டிக்கிடந்தன. இரு நாள் கழித்து நீந்தின. அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் வடித்துத் துளித்துளியாக ஊட்டியவர் அப்பத்தா. (அதில் உள்ள முரண் அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.) கயலை யாருக்கேனும் கொடுக்கும் பேச்சு அதன்பின் எழவில்லை.

சித்திரையில் எஞ்சியவை பதினொன்று. கொல்லையிலுள்ள சிமெண்டுத் தொட்டிக்கு மாற்றினோம். அப்போது ஒன்றுகூடப் பொன்னிறமாக இல்லை; எல்லாம் வாய்க்கால் பொடிமீன்போல் பழுப்பேறிய பச்சை. தங்கமீன் குஞ்சுக்கு நிறம் ஏற மாதங்கள் ஆகும். சிலவற்றுக்கு ஏறாமலும் போகும். ஆவணிக்குள் ஏழு நிறம் மாறின. மற்ற நான்கும் பழுப்பாகவே வளர்ந்துவிட்டன. அப்பத்தா முதலில் இரை போடுவது அவற்றுக்குத்தான்.