எடுத்தியான்னு கேக்காத வக்கீல்

எங்கய்யாவப் போலீஸ் கூட்டிக்கிட்டுப் போனப்ப நான் ஆறாப்பு படிச்சுக்கிட்டிருந்தேன். ஊர்த்தெருக்காரர் ஒருத்தரோட கெணத்து மோட்டாரு காணாமப் போச்சு. மொத நாள் அந்த வயல்ல வேலைக்குப் போனவரு எங்கய்யா. அது போதும் அவங்களுக்கு. மூணு ராத்திரி டேசன்ல வெச்சு அடிச்சாங்க. சோறு கொண்டுபோன அம்மாவ வாசல்லயே நிப்பாட்டினாங்க. ஊர்த்தெரு பேசினது பெருசா வலிக்கல. எங்க தெருக் கொழாயடியிலயே ‘நெருப்பில்லாமப் பொகையுமா’ன்னு கேட்டாங்க பாருங்க, அதுதான் வலிச்சது.

நாலாம் நாள் ரிமாண்டு. தாலுகா கோர்ட்டு வக்கீல் ஒருத்தர் காசு வாங்காம வந்து நின்னாரு. ‘மோட்டார எடுத்தியா?’ன்னு அவரு ஒரு தடவகூடக் கேக்கல. ‘ஒன்ன எந்தக் கெழம புடிச்சாங்க? எப்பக் கோர்ட்டுக்குக் கொண்டாந்தாங்க?’ இதத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாரு. முந்தின நாள் சாயங்காலம் பிடித்ததாகப் போலீஸ் எழுதி வைத்திருந்தது. மூணு வருசம் வாய்தாவுக்கு அலைஞ்சு அய்யா விடுதலையானாரு. மோட்டாரு கெடைக்கவே இல்ல.

அந்தக் கேள்வியின் அர்த்தம் எம்.ஏ. முடித்து இயக்கத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு விளங்கியது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள விட வேண்டும் என்கிறது அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவு. 1949 செப்டம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அதை முன்மொழிந்தவர் அண்ணல் அம்பேத்கர்.

2019 டிசம்பர் 6. அண்ணலின் நினைவு நாள். சிலைக்கு மாலை போடக் கூடியிருந்தோம். ஐதராபாத் அருகே பெண் கால்நடை மருத்துவர் ஒருவரை வல்லுறவு செய்து கொன்று எரித்த வழக்கில் பிடிபட்ட நாலு பேரையும் விடியக்காலையில் போலீஸ் சுட்டுக் கொன்றுவிட்டதாகச் செய்தி வந்தது. அங்கே போலீசார் மேல் ஜனங்கள் பூத்தூவினார்கள். இங்க நம்ம பயலுக வெடி வாங்க ஓடினாங்க. ‘யாரு செலைக்கு முன்னால வெடி போடப் போறீங்க?’ன்னு மறிச்சேன். பத்து வருசமா என்கூட வேலை செய்யிற அக்கா கத்தினாங்க: ‘செத்தது பொண்ணுடி. ஒனக்கு ஈரமே இல்லியா?’

அந்தப் பொண்ண நெனச்சு நானும் ஒரு வாரமாத் தூங்கல. ஆனால் இவர்கள்தான் செய்தார்களா என்று விசாரித்துச் சொல்ல இனி எந்தக் கோர்ட்டாலும் முடியாது. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022இல் சொன்னது: கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், செத்தவர்களில் மூன்று பேர் 18 வயது நிரம்பாதவர்கள், பத்துப் போலீசார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும். செத்த நாலு பேரும் லாரியில் டிரைவர், கிளீனர் வேலை பார்த்தவர்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளை இப்படி விடியக்காலையில் கூட்டிப் போவார்களா?

அதே 2019 மார்ச்சில் இன்னொரு தீர்ப்பு வந்தது. மகாராஷ்டிரத்தில் கொலை, வல்லுறவு வழக்கில் சிக்கிய நாடோடிச் சமூகத்தார் ஆறு பேர். 2009இல் ஆறு பேருக்கும் தூக்கு என்று சொன்ன உச்ச நீதிமன்றமே அவர்களை நிரபராதிகள் என்று விடுவித்தது. பதினாறு வருசம் ஜெயிலில் போனது. ஜனங்களின் கோபத்துக்கு விட்டிருந்தால் அவர்களும் ஒரு விடியக்காலையில் முடிந்திருப்பார்கள்.

‘நம்மளக் கொளுத்துனவனுக்கும் இதே உரிமையா?’ என்று தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்த வழக்கில் பண்ணையார்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. சந்தேகத்தின் பலன் அவர்களுக்குக் கேக்காமலே கெடச்சது. எங்கய்யாவுக்கு மூணு ராத்திரி கதறியும் கெடைக்கல. அவர்களிடமிருந்து அதைப் பிடுங்கினால் நமக்கு வந்து சேராது. போலீஸ் கையில்தான் போய்ச் சேரும்.

போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வழக்கறிஞர்கள் போட்ட தீர்மானம் செல்லாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சரி. அந்தப் பத்துப் போலீசார் கூண்டில் நின்றாலும் அவர்களுக்கு வக்கீல் வேண்டும். எங்கய்யாவ அடிச்ச ஏட்டுக்கும் வேணும். சொல்லக் கசக்குது. சொல்லித்தான் ஆகணும்.

அக்காவுக்கு இன்னும் கோபம் தீரல. அய்யாகிட்ட ஒருநாள் இதையெல்லாம் சொன்னேன். வலது தோளத் தடவிக்கிட்டே கேட்டுக்கிட்டிருந்தவரு சொன்னாரு: ‘அந்த வக்கீலு நான் எடுக்கலன்னு நம்பி வரல தாயி. எடுத்திருந்தாலும் வந்திருப்பாரு.’