அவர் எங்கே வேலை செய்கிறார்?

பாலர் வகுப்புப் பாடங்களுள் ஆசிரியருக்கும் குழந்தைக்கும் ஒருசேர மகிழ்ச்சி தருவது 'நமக்கு உதவுவோர்' என்னும் பாடம். தாளின் இடப்பக்கத்தில் மனிதர்கள், வலப்பக்கத்தில் கட்டடங்கள். மருத்துவரிடமிருந்து மருத்துவமனைக்கு ஒரு கோடு. காவலரிடமிருந்து காவல் நிலையத்துக்கு ஒரு கோடு. ஆசிரியரிடமிருந்து பள்ளிக்கு ஒரு கோடு. பிஞ்சு விரல்கள் இழுக்கும் கோடுகள் வளைந்து நெளிந்து போனாலும் சேருமிடம் தவறுவதில்லை. சிங்கப்பூரின் பாலர் வகுப்புகளில் தமிழ் கற்பித்துப் பல்லாண்டுகளைக் கழித்துவிட்ட எனக்கு, இன்றும் அந்தத் தாள்களைத் திருத்துவது சலிப்பதில்லை.

பாடத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. தீ விபத்துக்கும் அவசர மருத்துவ வாகனத்துக்கும் 995, காவலருக்கு 999 என்று ஆறு வயதுக் குழந்தை அறிந்து வைத்திருப்பது, பாட்டியுடன் தனித்திருக்கும் ஒரு பிற்பகலில் உயிரையே காக்கக் கூடும். ஹில் ஸ்திரீட்டில் செங்கல் நிறமும் வெண்மையுமாக, நூறாண்டைக் கடந்து நிற்கும் மத்தியத் தீயணைப்பு நிலையத்துக்கு அழைத்துச் சென்றால், திரும்பி வரும் வழியிலேயே பேருந்தில் பாதிப்பேர் தீயணைப்பு வீரர்களாகிவிடுகின்றனர்! மீதிப்பேர் அந்தச் செந்நிற வண்டியை ஓட்டப் போகின்றனர். நீர் பாய்ச்சுவதினும் வண்டியோட்டுவதே பெரிது என்பது ஆறு வயதின் முடிவு.

ஓராண்டு, அந்தத் தாளில் துடைப்பம் ஏந்திய ஒருவரின் படத்தையும் சேர்த்தேன். வலப்பக்கத்தில் அவருக்கென்று கட்டடம் எதையும் வரையவில்லை. குழந்தைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க விரும்பினேன். சிலர் அவரைப் பள்ளிக்கு அனுப்பினர்; சிலர் மருத்துவமனைக்கு. ஒரு சிறுமி மட்டும் தாளின் ஓரத்தில் தன் அடுக்குமாடிக் கட்டடத்தைத் தானே வரைந்தாள். நடைவழி, ஒரு கதவு, கதவுக்கு வெளியே நான்கு சோடிக் காலணிகள். கோடு அந்தக் கதவில் போய் முடிந்தது. "இவர் எங்கே வேலை செய்கிறார்?" என்றேன். "எங்கள் வீட்டு வாசலில்" என்றாள்.

கூரையுள்ள வேலைகளுக்கே நம் பாடத்தாளில் இடமுண்டு என்பதை அன்று அந்தச் சிறுமி எடுத்துக் காட்டினாள். அடுத்த நாள் வகுப்பையே கீழ்த்தளத்துக்கு அழைத்துச் சென்றேன். நாள்தோறும் மேலிருந்து போடும் குப்பை எங்கே போகிறது என்பது கேள்வி. பழைய அடுக்குமாடிகளில் சமையலறைச் சுவரிலேயே குப்பைக் குழலின் வாய் இருக்கும். 1989 முதல் வடிவமைக்கப்பட்ட கட்டடங்களில் ஒவ்வொரு தளத்தின் பொதுவிடத்திலும் ஒன்று. எங்கே போட்டாலும் அது அடித்தளத்தில் விழுந்து, ஒருவருடைய கைக்கு வந்தாக வேண்டும். அந்தக் கை அதைத் தொட்டிகளில் ஏற்றித் தள்ளிச் செல்கிறது. பாரவண்டி எரியாலைக்குக் கொண்டு போகிறது. எரிந்தபின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்களவே சாம்பலாக எஞ்சுகிறது. அந்தச் சாம்பல் துவாஸிலிருந்து படகேறி, 1999இல் திறக்கப்பட்ட செமாக்காவ் தீவின் நிரப்புத் தளத்துக்குக் கடல்வழியே செல்கிறது. "குப்பை கப்பலில் போகிறதா?" என்று வியந்த ஒரு சிறுவன், அன்று வாழைப்பழத் தோலை ஏதோ பயணம் போகிறவரை வழியனுப்புவது போலத் தொட்டியிலிட்டான்.

இடத்தைக் கற்பித்தல் இவ்வளவு எளிதாக முடிந்தது. ஆளைப் பற்றிப் பேசத் தொடங்கியபோதுதான் தமிழாசிரியருக்கே உரிய இடர்ப்பாடு எதிர்ப்பட்டது. கண்டதைச் சொல்லுமாறு கேட்டேன். "டாக்டர் வந்தார்" என்று சொல்லும் அதே வாய், "குப்பைக்காரன் வந்தான்" என்றது. குழந்தையிடம் தீய எண்ணம் சிறிதும் இல்லை. கேட்டதைச் சொல்லிற்று, அவ்வளவே. ஆங்கிலத்தில் வந்தவர் எவராயினும் வினைச்சொல் மாறுவதில்லை. தமிழிலோ ஒரு வாக்கியத்தை முடிக்குமுன், மரியாதை தருவதா மறுப்பதா என்று தீர்மானித்தாக வேண்டும். ஆசிரியர் உதவினார், தாதி உதவினார், கூட்டுகிறவன் மட்டும் உதவினான்! 'நமக்கு உதவுவோர்' என்று தலைப்பிட்டுப் பன்னிரண்டு படங்களை ஒட்டி வைத்தாலும், அவர்களுள் மேல் யார் கீழ் யார் என்பதை வினைமுற்றின் ஈற்றெழுத்து குழந்தைக்குக் கற்றுக் கொடுத்துவிடுகிறது.

மொழியைக் குறை சொல்வதற்கில்லை. ஒருவரைப் பன்மையால் குறிப்பது வழக்கில் வந்த உயர்சொல்லே அன்றி இலக்கண நெறியன்று எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் தெளிவாகவே கூறியுள்ளார். வழக்கு நாம் வழங்குவது, வீட்டில் வழங்குவது, மின்தூக்கியில் வழங்குவது.

மின்தூக்கி என்று காரணத்தோடுதான் சொல்கிறேன். துடைப்பமும் வாளியுமாக ஒருவர் உள்ளே நிற்கையில், "படிக்காவிட்டால் நீயும் இப்படித்தான் கூட்டுவாய்" என்று தாய் தன் மகனிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியாது என்னும் துணிவு. தமிழ் தெரியாவிடினும் குரல் தெரியும், கண் தெரியும். அவருக்குத் தெரியாமலே போகட்டும், அந்த மகனுக்குத் தமிழ் தெரியுமே!

என் தந்தையார் இந்நகரத்தின் தெருக்களைக் கூட்டியவர். விடியுமுன் புறப்பட்டு, நாங்கள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் பாதி வேலையை முடித்திருப்பார். 1968 அக்டோபரில் 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' என்ற இயக்கம் தொடங்கியபோது எனக்கு ஆறு வயது. எங்கு பார்த்தாலும் தூய்மையைப் பற்றியே பேச்சு; எங்கள் வீட்டில் மட்டும் அப்பேச்சு இல்லை. பள்ளிப் படிவத்தில் தந்தையின் தொழில் என்றிருந்த இடத்தில் மூத்த அண்ணன் 'அரசாங்க வேலை' என்று எழுதினார். பொய்யன்று. தந்தையார் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. என்ன எழுதினாய் என்று கேட்டு, படித்துக் காட்டச் சொல்லி, சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுப் பெருவிரலை மையில் தோய்த்தார். மலவாளி எடுக்கும் முறையே இத்தீவில் 1987 ஜனவரியில்தான் முற்றாக ஒழிந்தது. அதுவரை எத்தனை வீடுகளின் படிவங்களில் எத்தனை பேர் 'அரசாங்க வேலை' பார்த்தனரோ!

எனவே, என் வகுப்பில் ஒரே ஒரு சட்டம் வைத்தேன். படத்தில் இருப்பவர் எவராயினும் 'அவர்'. அவர் செய்வது எதுவாயினும் 'செய்கிறார்'. காரணம் சொல்லவில்லை. ஆறு வயதுக்குக் காரணம் வேண்டியதில்லை, பழக்கம் போதும். கைகழுவக் கற்பிக்கையில் கிருமிகளைப் பற்றியா விரிவுரை நிகழ்த்துகிறோம்?

பள்ளிக்கு அருகிலுள்ள அடுக்குமாடியைப் பேணும் துப்புரவு ஊழியரை, அவர் ஓய்வு நேரத்தில் வகுப்புக்கு அழைக்க அனுமதி வாங்கினேன். வங்காளதேசத்தவர். தயங்கித் தயங்கி வந்து, நாற்காலி இருந்தும் சுவரோரம் நின்றார். அவருடைய ஆங்கிலமும் குழந்தைகளின் ஆங்கிலமும் ஏறத்தாழ ஒரே அளவினவாதலால் உரையாடல் தடையின்றி நடந்தது. எத்தனை மணிக்கு எழுவீர்கள்? நான்கரை. எத்தனை மாடி? பன்னிரண்டு, மேலிருந்து கீழே. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடே வீட்டில் அடைபட்டிருந்தபோது நீங்களும் வீட்டில் இருந்தீர்களா? இல்லை, அப்போதுதான் மின்தூக்கிப் பொத்தான்களை நாளில் பலமுறை துடைத்தேன். உங்களுக்குப் பிள்ளை உண்டா? கைப்பேசியைத் திறந்து, சீருடை அணிந்த ஒரு சிறுமியைக் காட்டினார். இவர்கள் வயதுதான் இருக்கும். குழந்தைகள் முண்டியடித்துப் பார்த்தனர். அதன்பின் அவர் நாற்காலியில் அமர்ந்தார்.

பெற்றோருள் ஒருவர், இவையெல்லாம் தொடக்கப்பள்ளிக்கு உதவுமா என்று கேட்டார். உதவுமோ என்னவோ, வினைமுற்றுப் பிழை குறையும் என்று விடையளித்தேன்.

இப்போது வகுப்பில் நடப்பது சந்தைப் பாடம். மீன் விற்பவர், காய்கறி விற்பவர், பூக்கட்டுபவர் ஆகிய படங்கள் ஆயத்தமாக உள்ளன. பிற்பகலில் கடைகள் அடைத்தபின் அந்த ஈரத்தரையைக் கழுவிவிடுகிறவர் எங்கே என்று குழந்தைகள் கேட்கின்றனர். அவருக்கொரு படம் வரைய வேண்டும்.