மூன்று ஆட்சிகளின் ஆகஸ்ட் 15

சுதந்திரத்தின் 75-ஆம் ஆண்டு விழா 2021 மார்ச்சில் தொடங்கியபோது, அவரவர் வட்டாரத்தின் வரலாற்றைக் கல்லூரிகள் தேடி எடுக்க வேண்டும் என்ற பேச்சும் கூடவே எழுந்தது. எல்லையோரத் தமிழர்களுக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா? ஆனால் நான் பார்த்த ஒரு கல்லூரிக் கண்காட்சியில் சம்பாரணும் தண்டியும் செங்கோட்டையும் சுவரை நிறைத்திருந்தன. கேரள-தமிழ்நாட்டு எல்லையிலுள்ள வேலந்தாவளமும் இல்லை, போடிமெட்டும் இல்லை.

இங்கே சொல்வதற்கு ஒன்றும் இல்லாமலா போயிற்று? 1947 ஆகஸ்ட் 15-ஐ இந்த வட்டார மக்கள் மூன்று ஆட்சிகளின் கீழ் கண்டார்கள். பாலக்காடு அன்று சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்தது. பக்கத்திலுள்ள சித்தூர் கொச்சி மகாராஜாவுக்குச் சொந்தம்; மலபாரும் கோயம்புத்தூரும் சூழ, கொச்சி ராஜ்யத்தோடு ஒட்டாமல் தனியே கிடந்த துண்டு அது. மூணாறு, தேவிகுளம், பீர்மேடு எல்லாம் திருவிதாங்கூர்.

அந்தத் திருவிதாங்கூர்க் கதையை மலைநாட்டுப் பிள்ளைகள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 1947 ஜூனில் திவான் சி.பி. ராமசாமி ஐயர், வெள்ளையர் போனதும் திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று அறிவித்தார். ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் அவரை வெட்டினார்கள். அவர் உயிர் பிழைத்தார்; தனி நாடு பிழைக்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் மகாராஜா இந்தியாவோடு சேரச் சம்மதித்துவிட்டார். இல்லையென்றால் போடியிலிருந்து மலையேறிக் கொழுந்து கிள்ளப் போன பெண்கள் அயல்நாட்டில் வேலை பார்த்தவர்களாக ஆகியிருப்பார்கள்.

அவர்கள் அங்கே போய்ச் சேர்ந்ததும் பெரிய வரலாறுதான். 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ மூணாறு அடங்கிய கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். பின்னால் அங்கே எழுந்த தேயிலைத் தோட்டங்களுக்குத் திருநெல்வேலி, ராமநாதபுரம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து கோட்டகுடிக்கு ரோப்வேயில் இறங்கிய தேயிலைப் பெட்டிகள் தமிழ்நாட்டுப் பக்கம்தான் வந்தன. 1924 வெள்ளம் மூணாற்று ரயில் பாதையையே வாரிக்கொண்டு போனது. இத்தனையும் லயங்கள் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்களின் கண்முன் நடந்தவை. அவர்களுக்குச் சுதந்திரம் ஒரே இரவில் வந்துவிடவில்லை. வீடும் மருத்துவமும் குழந்தைக் காப்பகமும் முதலாளியின் கடமை என்று 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அது நடைமுறைக்கு வந்த ஆண்டுகளும் விடுதலை வரலாற்றில் சேரும். இந்தத் தமிழ் வட்டாரங்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கப் போராடிய நேசமணி 1954-இல் தேவிகுளத்துக்குப் போய் அங்கே கைதானார். 1956 நவம்பர் 1 அன்று தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அது சரியா தவறா என்ற வழக்கை நான் இங்கே தொடவில்லை. அந்த நாள் லயத்துக்குள் எப்படி இருந்தது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

பாலக்காட்டுப் பக்கம் டி.ஆர். கிருஷ்ணசாமி ஐயரை மறக்கவே கூடாது. தமிழ் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். 1923-இல் அகத்தேத்தறையில் சபரி ஆசிரமம் தொடங்கி, எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே பந்தியில் உட்காரவைத்துச் சோறு போட்டார். காந்தி மூன்று முறை அங்கே வந்திருக்கிறார். ஒரு மாணவன் பஸ் பிடித்துப் போய் அந்த ஆசிரமத்து முற்றத்தில் நின்றுவிட்டு வருவது பத்துச் சொற்பொழிவுகளுக்குச் சமம் என்றே நினைக்கிறேன்.

இந்த வட்டார வரலாற்றைத் தேடி எடுக்கும் வேலைக்குத் தகுந்த இடங்கள் நம்மிடம் இருக்கின்றன. சித்தூர் அரசுக் கல்லூரி பிறந்ததும் அதே 1947-இல்தான்; அங்கே தமிழ்த்துறையும் இருக்கிறது. மூணாற்று அரசுக் கல்லூரியில் படிப்பவர்களில் லயத்துப் பிள்ளைகள் உண்டு. கண்காட்சிக்குப் படம் வெட்டி ஒட்டும் நேரத்தில் அவர்களை வீட்டுக்கு அனுப்பலாம். பாட்டியின் பழைய ரேஷன் கார்டு, தாத்தா வேலை பார்த்த டிவிஷனின் பெயர், கங்காணியிடம் பட்ட கடன், முதன்முதலாக ஓட்டுப் போட்ட நாள் என்று கேட்க எவ்வளவோ இருக்கிறது. பேராசிரியர் எழுதித் தரும் கேள்வித்தாளைவிட, பேரன் அடுப்படியில் உட்கார்ந்து கேட்கும் கேள்விக்கு நல்ல பதில் வரும்.

1947-இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள். அடுத்த பெரிய விழா 2047-இல் வரும். அதுவரை இவர்கள் இருக்க மாட்டார்கள். ஆகவே, கொழிஞ்சாம்பாறையிலும் மூணாற்றிலும் பீர்மேட்டிலும் படிக்கும் தம்பி தங்கைகளே, துறைத்தலைவரின் சுற்றறிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். கையில் இருக்கும் செல்போனை எடுத்துக்கொண்டு இந்த விடுமுறையிலேயே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெயரையும் தேதியையும் தவறாமல் குறித்து, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.