ஆன்ட்டி வீட்டு கறி பை

பைன்னதும் மஞ்சப்பை இல்லீங்க! வெள்ளைக்காரன் ஷெப்பர்ட்ஸ் பையில் நம்ம பட்டை, கிராம்பு சேர்ந்த ஆங்கிலோ இந்தியன் அயிட்டம். தாம்பரம் ரயில்வே காலனியில் பக்கத்து வீட்டு ஆன்ட்டி கிறிஸ்துமஸுக்குச் செய்வார். இப்போ பெர்த்தில் இருக்கார். போன ஞாயிறு அவரிடம் கேட்டு நானே களத்தில் இறங்கினேன்.

அரைக் கிலோ கொத்துக்கறியை இஞ்சி, பூண்டு, வெங்காயம், மசாலாவோடு வேகவிட்டு, மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி, ஓவனில் 180 டிகிரியில் 25 நிமிஷம். அவசரத்தில் கறியில் தண்ணி வத்த விடலை. வெட்டினா ரசம் மாதிரி ஓடுது!

வீடியோ காலில் பார்த்த ஆன்ட்டி விழுந்து விழுந்து சிரிச்சார். அப்புறம் மெதுவா, "என் பேரப்பசங்க யாரும் இதைக் கேக்கறதே இல்ல மேன். நீயாவது எழுதி வை" என்றார்.

எழுதிட்டேன் ஆன்ட்டி. மக்களே, தண்ணி நல்லா வத்தணும், மறந்துடாதீங்க!